மார்கழிக் கிணற்றுக் குளியல்: குடும்பத்தோடு முதல் முறை இறங்குபவர்களுக்கு

டப்ளினில் இருக்கும் என் அத்தை மகன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு போட்டோ அனுப்புவான். அங்கே சாண்டிகோவ் என்ற இடத்தில் ஃபார்ட்டி ஃபுட் என்று ஒரு பாறைக்கரை. கிறிஸ்துமஸ் காலையில் தாத்தா, பேரன், மருமகள் என்று குடும்பம் குடும்பமாக வந்து கடலில் இறங்குவார்கள். தண்ணீர் 10 டிகிரி அளவில் இருக்கும். 2023-இல் அந்த போட்டோவைப் பார்த்துவிட்டு என் மகள், "நம்ம சின்னத் தாத்தா கிணறு இருக்குல்லப்பா" என்றாள். அப்படி ஆரம்பித்ததுதான். இப்போது மார்கழி ஞாயிறு என்றால் கடலூரிலிருந்து மூன்று பைக்கில் எட்டுப் பேர் பாலூர் பக்கம் கிளம்பிவிடுகிறோம். எப்படி, என்ன என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலிலேயே ஒன்று: இது நீச்சல் பாடம் இல்லை. கூட வருகிறவர்களில் இரண்டு பெரியவர்களுக்காவது நன்றாக நீச்சல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பம்ப்செட்டுத் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் சுகம்தான்.

எங்கே இறங்குவது

தேவனாம்பட்டினம் கடற்கரை பக்கத்திலேயே இருக்கும்போது கிணறு எதற்கு என்று கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் கடலை நான் நம்புவதில்லை. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவனையும் நீரோட்டம் உள்ளே இழுத்துவிடும். புதுச்சேரி பீச் ரோட்டில் பெரும்பாலும் கருங்கல்தான். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம், இந்த மாதங்களில் அது வலசை வருகிற பறவைகளுக்கு. மற்ற ஏரிகளில் காலடியில் சேறு, கொடி.

ஆகவே கிணறு. அதிலும் எல்லாக் கிணறும் ஆகாது. தண்ணீர் வரைக்கும் படி இருக்க வேண்டும். கயிற்றைப் பிடித்து ஏறிக்கொள்ளலாம் என்பதெல்லாம் குளிருக்கு முன்னால் பேசுகிற பேச்சு, விரல் விறைத்த பிறகு கயிறு பிடிபடாது. தினமும் யாராவது குளிக்கிற, தண்ணீர் இறைக்கிற கிணறாக இருக்க வேண்டும். பாழுங்கிணற்றில் விஷக்காற்று தங்கியிருக்கும், எட்டிப் பார்ப்பதோடு சரி. சுவரில் எங்கே கல் துருத்திக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த ஆள் கூட இருக்க வேண்டும். எங்களுக்கு சித்தப்பா இருக்கிறார். தானே புயலில், 2011 டிசம்பர் 30, கிணற்றோரப் பலாமரம் சாய்ந்தபோது உள்ளே விழுந்த கைப்பிடிச்சுவர்க் கல் எந்த மூலையில் கிடக்கிறது என்பது வரைக்கும் சொல்வார்.

பெருமழை பெய்திருந்தால் தண்ணீர் தெளிகிற வரை விட்டுவிடுங்கள். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பரில், தென்பெண்ணை கரைபுரண்டு ஓடியதே, அந்த வருடம் நாங்கள் தை பிறந்துதான் இறங்கினோம்.

இறங்குவது

ஆறு மணிக்குப் போனால் கிணற்றிலிருந்து ஆவி எழும்பும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் ஐஸ் தண்ணீர் என்று பயந்துவிடுவார்கள். உண்மையில் நேர் எதிர். மீன் தொட்டிக்கு வாங்கிய தெர்மாமீட்டரை நூலில் கட்டி இறக்கிப் பார்த்தேன்: வெளிக்காற்று 21 டிகிரி, தண்ணீர் 27. மண் வருடம் முழுக்க வாங்கிய சூட்டை உள்ளே வைத்திருக்கிறது, கிணற்று நீருக்கும் அந்தச் சூடுதான். முதல் படி வரைக்கும்தான் நடுக்கம். கழுத்தளவு போய்விட்டால் வெளியே தெரிகிற தலைதான் குளிரும்.

ஆனாலும் எடுத்த எடுப்பில் குதிக்காதீர்கள். குளிர்ந்த நீர் சட்டென்று மேலே பட்டால் உடம்பு கேட்காமலே ஒரு பெருமூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். 10 டிகிரிக் கடலில் ஆளைக் கொல்வதே பெரும்பாலும் இந்த முதல் ஓரிரு நிமிடங்கள். நம் 27 டிகிரியில் அவ்வளவு இல்லை என்றாலும், வருடம் முழுக்க கீசர் தண்ணீரில் குளிக்கிற உடம்புக்கு அதுவே போதும். படியில் உட்கார்ந்து காலை நனையுங்கள். பிறகு கை, முகம், பிடரி. பேச முடிகிற அளவுக்கு மூச்சு நிதானமானதும் இறங்குங்கள். நாங்கள் பிள்ளைகளை ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்வோம். தடுக்காமல் சொன்னால் இறங்கலாம். என் மனைவி 7x8-இல் எப்போதும் தடுக்குவாள், அது குளிரால் இல்லை.

மிதக்கிற சாமான்: அந்தக் காலத்தில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிவிடுவார்கள். இப்போது நான் கட்டுவது காலி எண்ணெய் கேன், 5 லிட்டர், ஆளுக்கு இரண்டு. ஒரு கேன் கிட்டத்தட்ட 5 கிலோவைத் தாங்கும், தண்ணீருக்குள் பிள்ளைகளின் எடை அதைவிடக் குறைவுதான். கையில் மாட்டுகிற காற்றுப் பலூன் வேண்டவே வேண்டாம், கிணற்றுச் சுவரில் ஒரு உரசல் போதும். எது கட்டினாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில்.

மற்றபடி உள்ளே என்ன செய்வது என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. அக்கா மகன் பல்டி அடிப்பான், மாமா மல்லாக்க மிதந்தபடி பழைய பாட்டு பாடுவார். கிணற்றுக்குள் எல்லாக் குரலும் நல்ல குரல்தான்.

ஏறுவது: நான் சறுக்கிய இடம்

எல்லோரும் இறங்குவதைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நானும் அப்படித்தான். முதல் ஞாயிறு, முக்கால் மணி நேரம் ஆட்டம் போட்டோம். ஏறியதும் ஈர டவுசர் மேலேயே சட்டையைப் போட்டு, மகளுக்குத் தலையை லேசாகத் துவட்டி, வீட்டில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று பைக்கை எடுத்துவிட்டேன். பத்து நிமிடம் போயிருப்போம். முதுகில் கன்னத்தை வைத்திருந்தவளின் பல் அடிப்பது என் எலும்பில் கேட்டது. டீக்கடையில் நிறுத்தினேன். பாலை வாங்கிக் கையில் கொடுத்தால் தம்ளர் நிற்கவில்லை, பாதி சட்டையில். உதடு நாவல்பழம் தின்ற நிறம். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் அவளை பாய்லர் பக்கம் இழுத்து நிறுத்தி, தோளில் கிடந்த துண்டைச் சுற்றிவிட்டார். எனக்கு யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அன்று இரவு அத்தை மகனைக் கூப்பிட்டேன். "மாமா, ஏறின அப்புறம் வர்ற அரை மணி நேரம்தான் விஷயமே" என்றான். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். உடம்பு 37, தண்ணீர் 27, இதமாக இருப்பதுபோல் தோன்றினாலும் சூடு போய்க்கொண்டேதான் இருக்கிறது. பொடிசுகளுக்கு இன்னும் வேகமாகப் போகும். ஏறிய பிறகும் உடம்பின் உட்சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் ஈரத்துணி, பைக் காற்று.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். பிள்ளைகளுக்கு இருபது நிமிடம், அதற்கு முன்னால் நடுங்கினால் அப்போதே மேலே. துணிகளை இறங்குவதற்கு முன்பே மோட்டார் கொட்டகையில் அடுக்கிவிடுவோம், முதலில் போட வேண்டியது மேலே இருக்கும்படி. விறைத்த கையால் பையைக் கிளற முடியாது. ஆளுக்கு இரண்டு ஈரிழைத் துண்டு. ஒன்று தலைக்கு, அதுதான் முதலில். டர்க்கி டவல் கொண்டுவராதீர்கள், ஒரு தலை துவட்டினாலே கனத்துப்போகும், அப்புறம் காயவும் காயாது. உள்ளாடை உட்பட ஈரமான எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். பட்டன் வைத்த சட்டை வேண்டாம், தலைவழியாக மாட்டுகிற பனியன் போதும். பிறகு குரங்குக் குல்லா, ஆமாம், கேலி செய்தாலும். ஃபிளாஸ்கில் சுக்குக் காபி. கொட்டகையின் கிழக்குச் சுவரில் வெயில் விழும், அதில் சாய்ந்து அரை மணி நேரம். அதற்குப் பிறகுதான் பைக் சாவி.

இந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இப்போது பாதிப் பேர் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். பத்து வருடமாகச் சரியாகப் பேசிக்கொள்ளாத அக்காவும் மாமாவும் அந்தச் சுவரில்தான் ஒரே தம்ளரில் காபி மாற்றிக் குடித்தார்கள்.

பின்சேர்க்கை

படித்துவிட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர், எழுபது வயது அப்பாவை அழைத்துப் போகலாமா, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். திடீர்க் குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். சுவர்ப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், காபி பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொருவர் விருத்தாசலம் பக்கம். அவர் சொன்னது எனக்கே தோன்றாத விஷயம். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்கள். ஆனால் ஆட்டோ ஸ்டார்ட்டர், மும்முனை மின்சாரம் வந்ததும் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் உறிஞ்சு குழாய்க்கு எதிர்ப்பக்கம் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. குழாயின் இழுப்பு ஒரு பயம் என்றால், தண்ணீருக்குள் மின்கசிவு அதைவிடப் பெரிய பயம். ஆகவே இறங்குவதற்கு முன், கையும் காலும் காய்ந்திருக்கும்போதே, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மூன்று ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இதைத் தோட்டத்துக்காரரே செய்தால் இன்னும் நல்லது.

போன ஞாயிறு முதல் நாங்களும் அப்படித்தான். பதினோரு மணிக்கு சித்தப்பா போன் செய்தார். கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமாம். மூன்று கட்டையும் என் பையில், கடலூரில், ஈரத் துண்டுக்கு அடியில் இருந்தன.