வலி சொல்வதற்கு முன் கடிகாரம் சொல்லட்டும்

எனக்கு வயது 56. என் இடுப்பு வலிக்கு வயது 11. பிள்ளையாகப் பிறந்திருந்தால் இந்நேரம் ஆறாம் வகுப்பில் இருக்கும். மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது, என் தொழில். குனிந்த தலையும் கையில் சிவப்பு மைப் பேனாவுமாக முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. வலி அதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. பல மருத்துவர்களைப் பார்த்தும் ஒற்றைக் காரணம் கிடைக்கவில்லை. ஒரு கட்டத்தில் தேடுவதை விட்டுவிட்டேன்.

வலியைப் போக்கும் வழியை நான் இங்கே எழுதவில்லை. அது தெரிந்திருந்தால் எனக்கே செய்துகொண்டிருப்பேன். வலி கூடவே இருக்கும்போது உடம்பை எப்படி இயங்க வைப்பது, இயங்க வேண்டும் என்ற ஆசை பட்டுப்போகாமல் எப்படிக் காப்பது, இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

தொடங்கும் முன் ஒன்று. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியைத்தான் மருத்துவத்தில் நாள்பட்ட வலி என்கிறார்கள். உங்கள் வலி அந்த வகைதானா என்பதை ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, காலில் புதிதாக வலுவிழப்பு, காய்ச்சல், காரணம் தெரியாத எடைக் குறைவு, இவற்றில் எது வந்தாலும் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். மாத்திரைகளையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

முதலில் நான் பயத்தைத்தான் குறைக்க வேண்டியிருந்தது. என் ஸ்கேன் அறிக்கையில் மூன்று இடங்களில் தேய்மானம் என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு ஆண்டுகள் குனியாமல் இருந்தேன். கீழே விழுந்த பேனாவைக்கூட மகள்தான் எடுத்துக் கொடுப்பாள். பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் எனக்கு ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளில் (டிஸ்க்) தேய்மானம் இருந்திருக்கிறது. ஒருவருக்கும் வலி இல்லை. தலை நரைப்பதைப் போன்ற ஒன்றுக்காகவா இரண்டு ஆண்டுகள் பேனாவை எடுக்காமல் இருந்தேன் என்று எனக்கே எரிச்சல் வந்தது.

அப்படியானால் வலி பொய்யா? இல்லை. வலி முழுக்க உண்மை. ஆனால் வலிக்கும் அளவும் உடம்பில் இருக்கும் சேதத்தின் அளவும் ஒன்றல்ல. நீண்ட காலம் வலித்தால் முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்புகளும் மூளையும் வலியை உணர்வதில் கூர்மையாகிவிடக்கூடும். சிறு தூண்டுதலையும் பெரிதாக வாசிக்கின்றன. என் தொழில்மொழியில் சொல்வதானால், அளவுக்கு மீறி விழிப்பாகிவிட்ட மெய்ப்பாளர் சரியான சொல்லையும் சுழித்து வைப்பார். அவரை வேலையை விட்டு நீக்க முடியாது. இந்தச் சொல் சரிதான் என்று ஒவ்வொரு பக்கமாகக் காட்டிக் காட்டித்தான் பழக்க வேண்டும். சிறு சிறு அசைவுகளைத் தினமும் செய்வது அந்தப் பழக்கம்தான்.

இனி செய்முறைக்கு வருகிறேன்.

ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் நடப்பதை எடுத்தேன். ஐந்து நாட்கள் நடந்து, வலி வழக்கத்தைவிடச் சற்றே கூடத் தொடங்கும் நிமிடத்தைக் குறித்தேன். 14, 9, 16, 8, 13 என்று வந்தது. நல்ல நாளும் மோசமான நாளும் அதில் கலந்திருக்க வேண்டும், நல்ல நாளை மட்டும் அளந்தால் கணக்கு பொய்த்துவிடும். சராசரி 12. அதில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்தால் ஒன்பதரைக்குச் சற்று மேல். நான் 9 என்று வைத்துக்கொண்டேன். அதுதான் என் அடிப்படை அளவு. மோசமான நாளிலும் பெரும்பாலும் முடிகிற அளவாக அது இருக்க வேண்டும். பார்க்கக் கேவலமாக இருக்கும். இருக்கட்டும்.

பிறகு 9 நிமிடம் நடந்தேன். கைப்பேசியில் மணி அடித்ததும் நிறுத்தினேன். வலித்தால் நிறுத்துவது என்ற பழைய கணக்கை அன்றோடு விட்டேன். இந்த வேறுபாட்டை நான் புரிந்துகொள்ளவே ஆண்டுகள் ஆயின. வலி வரும்வரை வேலை செய்துவிட்டு வலி வந்ததும் படுத்தால், படுக்கை வலிக்குக் கிடைக்கும் பரிசாகிவிடுகிறது. நிமிடம் முடிந்ததும் ஓய்வெடுத்தால் அது வேலைக்குக் கிடைக்கும் பரிசு. வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலேயே இந்த அடிப்படையில் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்.

மோசமான நாளில் எழுந்து நடப்பதுதான் கடினம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடக் கடினமாக இருந்தது நல்ல நாளில் நிறுத்துவது. ஒரு காலை வலியே இல்லாமல் எழுந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அப்படி ஒரு காலை. மகிழ்ச்சி தாங்காமல் புத்தக அலமாரியின் ஆறு அடுக்குகளையும் இறக்கி, துடைத்து, அகர வரிசையில் அடுக்கி முடித்தேன். மதியம் ஒரு மணிக்கு ராணி போல உணர்ந்தேன். இரவு ஒன்பது மணிக்குக் கழிவறைக்குப் போகக் கணவரின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த நான்கு நாட்கள் படுக்கைதான். ஐந்தாம் நாள் எழுந்தபோது, “இனி அலமாரிப் பக்கமே போகக் கூடாது” என்று முடிவெடுத்தேன். அது இன்னொரு தவறு. நல்ல நாளில் கொட்டித் தீர்ப்பது, மோசமான நாளில் முடங்குவது, பிறகு அந்தச் செயலையே கைவிடுவது. இப்படிச் சுற்றச் சுற்ற ஒவ்வொரு ஆண்டும் என்னால் முடிகிற காரியங்களின் பட்டியல் குறுகிக்கொண்டே போயிற்று. வலி செய்ததில் பாதியை நானே செய்துகொண்டேன் என்றுதான் தோன்றுகிறது.

ஆகவே நல்ல நாளுக்கும் அதே 9 நிமிடம்தான். கால்கள் கெஞ்சும், இன்னும் ஒரு சுற்றுப் போகலாமே என்று. திரும்பிவிடுங்கள்.

கூட்டுவது எப்போது? ஒரு வாரம் முழுக்க ஓரளவு சிரமமில்லாமல் முடிந்தால் அடுத்த வாரம் ஒரு நிமிடம். அவ்வளவே. 9லிருந்து 25க்கு வர எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை பழைய அளவுக்கே இறங்கி மறுபடி ஏறினேன். நடந்த மறுநாள் தசைகளில் வரும் புது நோவுக்குப் பயப்பட வேண்டாம், சும்மா இருந்த தசை வேலை செய்ததன் அடையாளம் அது. ஆனால் வலி கூடி இரண்டு நாளாகியும் பழைய நிலைக்கு இறங்கவில்லை என்றால் அளவு அதிகம் என்று பொருள். குறையுங்கள், விட்டுவிடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான இயக்கத்தைப் பரிந்துரைக்கிறது. ஒன்றும் இல்லாததைவிடச் சிறிதளவு இயக்கமும் மேல் என்றும் சொல்கிறது. நான் இரண்டாவதைத்தான் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன்.

உட்காருவதற்கும் இதே கணக்கு. எனக்கு 18 நிமிடம். மணி அடித்தால் வாக்கியத்தின் நடுவே இருந்தாலும் எழுந்துவிடுவேன். மெய்ப்பாளருக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று மெய்ப்பாளர்களுக்குத்தான் தெரியும். விலை உயர்ந்த நாற்காலிகளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எந்த நாற்காலியும் 18 நிமிடத்துக்குப் பிறகு எனக்கு ஒன்றுதான்.

அசையும்போது உங்கள் மூச்சைக் கவனியுங்கள். பல ஆண்டுகளாக மூச்சை அடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டுதான் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தேன். உடம்பு அதை ஆபத்துக்கு முன்னேற்பாடு என்று எடுத்துக்கொண்டு இன்னும் இறுகும். இப்போது மூச்சை வெளியே விட்டபடி எழுகிறேன். சின்னக் காரியம்தான், பலன் பெரிது.

வலி சீறிக் கிளம்பும் நாட்கள் வரத்தான் செய்யும். அந்த நாளில் யோசிக்கும் தெம்பு இருக்காது. அதனால் நல்ல நாளிலேயே ஓர் அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள். என் அட்டையில் இருப்பது: “இதற்கு முன்பும் வந்தது, தணிந்தது. வெந்நீர்ப்பை. மருத்துவர் சொன்ன மாத்திரை, சொன்ன அளவில். நடை பாதி. அதுவும் முடியாவிட்டால் வாசல்வரை போய் வருவது. முழு நாள் படுக்கை வேண்டாம். இன்று எந்தப் பெரிய முடிவும் எடுக்காதே.” கடைசி வரியைச் சேர்த்ததற்குக் காரணம், ஒரு மோசமான இரவில் தொழிலையே விடுவதாகக் கடிதம் எழுதிவிட்டேன். நல்லவேளை, அனுப்பவில்லை.

இயங்கும் ஆசையை, அதாவது ஊக்கத்தை, காப்பது பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். ஊக்கம் வந்தபின் நடப்பேன் என்று காத்திருந்தால் நான் இன்னும் கட்டிலில்தான் இருந்திருப்பேன். பெரும்பாலும் நடந்து மூன்றாம் நிமிடத்தில்தான் அது வந்து சேர்கிறது, சில நாள் வருவதே இல்லை. ஆகவே நடையை ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒன்றோடு கட்டிவிட்டேன். பல் துலக்கியதும் செருப்பு. யோசிக்க இடைவெளி கொடுப்பதில்லை. இன்னொன்று, எதற்காக நடக்கிறோம் என்பது. “ஆரோக்கியத்துக்காக” என்பது என்னை ஒரு நாளும் எழுப்பியதில்லை. பேத்தியோடு தரையில் உட்கார்ந்து விளையாடிவிட்டு யார் கையையும் பிடிக்காமல் எழ வேண்டும் என்பது எழுப்பியது. உங்களுக்கு வேறாக இருக்கும். ஆனால் கண்ணை மூடினால் காட்சியாகத் தெரிய வேண்டும்.

நோட்டில் வலிக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டேன். பூஜ்யம் முதல் பத்துவரை தினமும் எழுதியபோது நாள் முழுக்க இடுப்பையே உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மருத்துவர் கேட்டால் ஒரு வாரம் எழுதுவேன். மற்றபடி நிமிடங்களை மட்டும் குறிக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது வலி அதிகம் குறைந்திருக்கவில்லை, நிமிடங்கள் இரட்டித்திருந்தன. மனதுக்கு அந்த எண் போதுமானதாக இருந்தது.

வீட்டாரையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். என் கணவர் தினமும் காலையில், “வலி எப்படி இருக்கிறது?” என்று அன்போடு கேட்பார். அன்புதான், ஆனால் கேட்டதும் வலி நினைவுக்கு வரும். ஒரு நாள் சொன்னேன்: “இனி இன்றைக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள்.” இரண்டு வாரம் மறந்து மறந்து கேட்டார், பிறகு பழகிக்கொண்டார். உறவினர் விசேஷங்களுக்கும் இப்போது வருகிறேன் என்றோ வர முடியாது என்றோ சொல்வதில்லை. “ஒரு மணி நேரம் இருப்பேன், நடுவில் எழுந்து நடப்பேன்” என்கிறேன். முகம் சுளிப்பவர்கள் உண்டு. கை வைத்தியம் சொல்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு நடக்கப் போய்விடுவேன்.

தூக்கத்தைப் பற்றி ஒரே வரி: மோசமாகத் தூங்கிய இரவுக்கு மறுநாள் வலி கூடும், அதை உடம்பு கெட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அலமாரி மறுபடி தூசி படிந்திருக்கிறது. திங்கட்கிழமை தொடங்கினேன், நாளுக்கு ஓர் அடுக்கு, பத்து நிமிடம். நேற்று மூன்றாவது அடுக்கை முடித்தபோது இடுப்பு வலிக்கவில்லை, கையில் ஈரத் துணியும் இருந்தது, நான்காவது அடுக்கு கண்ணெதிரே இருந்தது. மணி அடித்தது. துணியைக் காயப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.