வாங்கும் முன் நோட்டில் எழுதுங்கள்

2021 நவம்பரில் பிட்காயின் 69,000 டாலரை ஒட்டி நின்றபோது, இன்னும் ஏறும் என்று நம்பி வாங்கினேன். அடுத்த நவம்பரில் அது 16,000-க்கும் கீழே இறங்கியது. பயந்துபோய் அடிமாட்டு விலைக்கு விற்றேன். இந்த நோட்டுப் பழக்கம் அப்புறம் வந்ததுதான்.

நாற்பது பக்க நோட்டு போதும். வாங்கும் முன்பே எழுதுங்கள்: என்ன விலைக்கு வாங்குகிறேன், எந்த விலையில் நஷ்டத்தோடு வெளியேறுவேன், எங்கே லாபம் எடுப்பேன், ஏன் வாங்குகிறேன். 'ஏன்' என்ற இடத்தில் 'எல்லோரும் வாங்குகிறார்கள்' என்று வந்தால் நோட்டை மூடிவிடுங்கள்.

கையில் 50,000 ரூபாய் இருக்கிறதா? ஒரு தடவைக்கு 500 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது என்று வையுங்கள். ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டத்தோடு வெளியேறும் விலை, வாங்கும் விலைக்கு 5 சதவீதம் கீழே என்றால் 10,000 ரூபாய்க்குத்தான் வாங்கலாம். அந்த ஸ்டாப் லாஸை உடனே விற்கும் ஆர்டராகப் போட்டுவிடுங்கள். மனதில் மட்டும் வைத்திருந்தால், விலை கிட்டே வரும்போது 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று தோன்றும். என் பணம் போனது அந்தக் 'கொஞ்சத்தில்'தான்.

இந்தியாவில் பிட்காயின் போன்ற கிரிப்டோ காயின்களின் லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. விற்கும்போது தொகையிலேயே பிடித்துக்கொள்ளும் வரியான டிடிஎஸ் 1 சதவீதம் வேறு. அடிக்கடி வாங்கி விற்றால் பணம் அதிலேயே முடங்கும்.

இந்தச் சந்தைக்கு ஞாயிறும் இல்லை, இரவும் இல்லை. நான் பத்து மணிக்கு மேல் ஆப்பைத் திறப்பதில்லை. நஷ்டப்பட்ட அன்று மறுபடி வாங்குவதும் இல்லை. மறுநாள் காபி குடித்துவிட்டு, எழுதியபடி நடந்தேனா என்று பார்த்து டிக் போடுவேன். லாப நஷ்டக் கணக்கெல்லாம் மாதக் கடைசியில்தான்.