கிணற்றை அளந்த பிறகு பேனல் வாங்குங்கள்

பர்மாவில் பெகு பக்கம் நம் ஆட்கள் நெல் அறுத்த கையோடு உளுந்தும் பாசிப்பயறும் விதைத்துவிடுவார்கள். மண்ணில் தங்கிய ஈரத்திலேயே அவை வந்துவிடும். கத்திரி, மிளகாய், வெண்டை போட்டவர்கள்தான் மாசி பிறந்ததும் திண்டாடுவார்கள். டீசலுக்குப் பணம் எண்ணிக் கொடுத்து மாளாது, கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அரை ஏக்கர் காய்கறித் தோட்டத்துக்குச் சோலார் பம்பு தாராளமாகத் தாங்கும். என் தோட்டம் அதில்தான் பிழைக்கிறது. ஆனால் வேலையைக் கடையில் தொடங்காதீர்கள், கிணற்றடியில் தொடங்குங்கள்.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கிணற்று விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்று பாருங்கள். கார்த்திகையில் அளந்தால் அந்தக் கணக்கு உதவாது. சித்திரையில், தண்ணீர்த் திருவிழா நேரத்தில், எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் கணக்கு. அதோடு டேங்க் வாய் வரைக்குமான உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். தரைமேல் வைக்கிற பம்பு 20 அடிக்கு மேல் உறிஞ்சத் திணறும், 25 அடியைத் தாண்டினால் அதை நம்பவே முடியாது. எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் இதேதான், ஏனென்றால் தண்ணீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம். தண்ணீர் அதற்குக் கீழே போகும் கிணறு என்றால் நீர்மூழ்கி பம்புதான் சரி.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. வெயில் காலத்தில் அரை ஏக்கர் காய்கறிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் வேண்டும். 1,000 லிட்டரை 25 அடி ஏற்ற, பம்பில் வீணாவதையும் சேர்த்தால், ஏறக்குறைய 70 வாட்-மணி மின்சாரம் பிடிக்கும். அப்படியானால் நாளுக்கு 700. நம் கோடை வெயிலில் 300 வாட் பேனல் ஒன்று, தூசி, சூடு எல்லாம் கழித்து, 1,200 வாட்-மணி வரை கொடுக்கும். ஒரு பேனலே போதும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. ஆனாலும் நான் இரண்டு போடச் சொல்வேன். மேகம் மூடிய நாளிலும் காலை எட்டு மணி வெயிலிலும் பம்பு நின்றுவிடாமல் ஓட அந்த இரண்டாவது பேனல்தான் கைகொடுக்கும். இரண்டையும் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக, இணைக்கும்போது வோல்ட் கூடும். அந்த வோல்ட்டை, பேனலுக்கும் பம்புக்கும் நடுவே இருக்கும் கண்ட்ரோலர் தாங்குமா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பேட்டரி வாங்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் சூட்டில் ஈய பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும், அதற்குப் போடுகிற காசு வீண். அதற்குப் பதிலாக 2,000 லிட்டர் டேங்க் ஒன்றை ஆள் உயர மேடையில் ஏற்றுங்கள். பகலில் தண்ணீர் நேரே பாத்திக்குப் போகட்டும், மாலையில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் குழாயைத் திறந்தால் சொட்டு நீர்க் குழாய்களுக்கு அந்த உயரமே போதும். ஊற்றுக் குறைவான கிணறு என்றால் தண்ணீர் வற்றியதும் பம்பைத் தானே நிறுத்தும் சென்சாரும் கட்டாயம் வேண்டும். வெறுமனே ஓடும் பம்பு சூடேறிக் கருகிவிடும்.

பேனலைத் தெற்குப் பார்த்து வையுங்கள். பெகு வடக்கு அட்சரேகை 17 டிகிரியை ஒட்டி இருப்பதால் சாய்வும் அதே அளவு இருக்கட்டும். கோணமானி தேட வேண்டாம். ஆறரை அடி நீளப் பேனலின் மேல் விளிம்பை, கீழ் விளிம்பைவிட 2 அடி உயர்த்தினால் சரியாக வந்துவிடும்.

நிழல் விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். பம்பு ஓடும்போது பேனலின் கீழ் ஓரத்தில் ஒரு துண்டை நீளவாக்கில் விரித்துப் பாருங்கள். மூடியது ஒரு சாண் அகலம்தான் இருக்கும், ஆனால் குழாயில் வருகிற தண்ணீர் கண் முன்னாலேயே இளைத்துவிடும். உள்ளே செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பதால், நிழலில் மாட்டியவை மற்றவற்றையும் அடைத்துவிடுகின்றன. ஒரு வாழை இலை கூட இதே வேலையைச் செய்யும். இடம் குறிக்கும்போது காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் போய் நின்று பாருங்கள்.

வைக்கோல் எரிக்கும் மாதங்களில் பேனலில் கரி படியும். விடியற்காலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு துடையுங்கள். உச்சி வெயிலில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம்.

அப்புறம் காற்று. 2008 மே 2 அன்று நர்கிஸ் புயல் அடித்ததை மறந்தவர் இங்கே யாரும் இல்லை. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் மழைக்கு முன் வரும் சூறைக்காற்று பேனலைப் பிடுங்கிவிடும். கால்களைச் சிமெண்டில் புதைத்து, பேனலை மட்டும் கழற்றும்படி போல்ட் போடுங்கள். வைகாசியில் மழை பிடித்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். சின்ன சார்ஜ் கண்ட்ரோலரும் லித்தியம் பேட்டரியும் இருந்தால் மழைக்காலம் முழுக்க வீட்டு விளக்குக்கும் போனுக்கும் அதே பேனல் உதவும். கழற்றும் முன் பேனலை ஒரு துணியால் மூடுங்கள், வெளிச்சம் பட்டால் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். எந்த ஒயர் எதில் மாட்டியிருந்தது என்று நிறத் துணி கட்டி வைத்துவிட்டால், ஐப்பசியில் திரும்ப மாட்டுவது ஒரு காலை வேலைதான்.