பி.எஃப். கிளைம் ரிஜெக்ட் ஆகிவிட்டதா? அடுத்து செய்ய வேண்டியவை

திருப்பூர் பனியன் கம்பெனியையோ தூத்துக்குடி இறால் கம்பெனியையோ விட்டுவிட்டு தொண்டி, உச்சிப்புளி, ராமேஸ்வரம் என்று ஊர் திரும்பியவர்கள் முதலில் நம்பியிருப்பது பி.எஃப். பணத்தைத்தான். 'தானா வேலைய விட்டா பி.எஃப். வராது' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ராஜினாமா செய்தாலும் அது உங்கள் பணம்.

முதலில், ரிஜெக்ட் ஆன காரணத்தைப் படியுங்கள். பி.எஃப். தளத்தில் 'டிராக் கிளைம் ஸ்டேட்டஸ்' பக்கத்தில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காரணம் தெரியாமல் அதே கிளைமைத் திரும்பத் திரும்பப் போட்டால் பிரவுசிங் சென்டருக்குத்தான் வருமானம்.

நம் பக்கத்தில் அதிகம் படுத்துவது பெயர். ஆதாரில் முனியசாமி, கம்பெனிப் பதிவில் முனிசாமி. இல்லையென்றால் இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு ஆதார் வைத்து வாங்கிய யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். உறுப்பினர் எண்) என்றால் நீங்களே ஆன்லைனில் திருத்தலாம். அதற்கு முந்தையது என்றால் 'ஜாயின்ட் டிக்ளரேஷன்' (நீங்களும் கம்பெனியும் சேர்ந்து தரும் திருத்த விண்ணப்பம்) போட்டு, பழைய கம்பெனி ஒப்புதல் தர வேண்டும்.

அடுத்தது, வேலையை விட்ட தேதி. கம்பெனி அதைப் பதியாமல் இழுத்தடித்தால் கெஞ்சிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கடைசி பி.எஃப். சந்தா கட்டிய மாதத்திலிருந்து 2 மாதம் கழித்து, 'மேனேஜ்' மெனுவில் 'மார்க் எக்ஸிட்' போய், ஆதார் ஓ.டி.பி. கொடுத்து நீங்களே பதியலாம். தேதி அந்தக் கடைசிச் சந்தா மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஒருமுறை பதிந்தால் நீங்களாக மாற்ற முடியாது. அதனால் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்துவிட்டே கை வையுங்கள்.

வங்கி விவரத்தையும் பாருங்கள். பாண்டியன் கிராம வங்கி 2019-இல் பல்லவன் கிராம வங்கியோடு இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆகிவிட்டது. பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணே (வங்கிக் கிளையைக் குறிக்கும் எண்) இன்னும் பதிவில் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

படிவம் 19 பி.எஃப்.புக்கு, 10சி பென்ஷன் பங்குக்கு. பென்ஷன் சேவை 10 ஆண்டு முடிந்தவர்கள் அதைப் பணமாக எடுக்க முடியாது. அந்தக் காரணத்துக்காக ரிஜெக்ட் ஆகியிருந்தால் புகார் போட்டும் பயனில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் மறுபடி தள்ளினால், பி.எஃப்.பின் குறைதீர் தளத்தில் யு.ஏ.என். கொடுத்துப் புகார் பதியுங்கள். கதை வேண்டாம், இவ்வளவு போதும்: 'இந்தத் தேதியில் கிளைம் போட்டேன். இந்தக் காரணம் சொல்லி நிராகரித்தார்கள். அது சரியல்ல, ஆதாரம் இணைத்துள்ளேன்.' ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கு திருப்பூர் அலுவலகத்தில் இருந்தாலும் புகாருக்காக அங்கே போக வேண்டியதில்லை.

நேரில் பேசத்தான் தைரியம் வரும் என்பவர்களுக்கு, மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டத்தில் பி.எஃப். முகாம் நடக்கும்; அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாளில். ஆதார், பாஸ்புக், ராஜினாமா கடித நகல் கையில் இருக்கட்டும்.

அதிலும் தீரவில்லையா? மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளமான சி.பி.கிராம்ஸில் போடுங்கள். அங்கே சரியான பதில் இல்லாமல் புகாரை மூடினால், 30 நாளுக்குள் அதே தளத்தில் மேல்முறையீடு செய்யலாம்.