தெர்மல் கேமராவில் ஏமாறும் இடங்கள்

90 டிகிரியில் கொதிக்கும் பளபளப்பான செம்பு பஸ்பாரை (மின்பலகையில் மின்சாரத்தைக் கடத்தும் உலோகப் பட்டை), சூட்டைப் படமாக்கும் தெர்மல் கேமரா 40 டிகிரி சொச்சம் என்று காட்டக்கூடும். கேமராவில் கோளாறு இல்லை. அது வாங்குவது அகச்சிவப்புக் கதிரை. நாம் கொடுத்த எமிசிவிட்டி மதிப்பை (ஒரு பரப்பு வெப்பக் கதிரை எவ்வளவு நன்றாக வெளிவிடுகிறது என்பதை 0 முதல் 1 வரை சொல்லும் எண்) வைத்து அதை டிகிரியாக மாற்றுகிறது. பெயின்ட், ரப்பர், பிவிசி ஆகியவற்றுக்கு இந்த மதிப்பு 0.9-ஐ ஒட்டி இருக்கும். பளபளக்கும் செம்புக்கு 0.1கூடத் தேறாது, மீதியெல்லாம் சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு. எதிரே நிற்பவரின் உடல் சூடே ஹாட் ஸ்பாட்டாகத் தெரியும். இரண்டடி நகர்ந்து பாருங்கள். சூடும் கூடவே நகர்ந்தால் அது பிரதிபலிப்புதான்.

எனவே வெற்று உலோகத்தை விட்டுவிட்டு, லக்கை (கேபிள் முனையை இணைக்கும் உலோகத் துண்டு) ஒட்டிய கேபிள் இன்சுலேஷனில் அளவெடுங்கள். அடிக்கடி பார்க்கும் இணைப்பு என்றால், மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்ட பிறகு ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி வைக்கலாம். மின்பலகையின் அக்ரிலிக் மூடி வழியாகப் பார்ப்பது வீண். கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடும் அது, இந்தக் கதிரை விடாது. கேமரா மூடியின் சூட்டைத்தான் காட்டும்.

லோடு இல்லாத நேரத்தில் சோதிப்பது இதைவிடப் பெரிய தவறு. இணைப்பில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது: பாதி லோடில் கால் பங்கு வெப்பம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓய்ந்திருக்கும்போது எடுத்த படத்தில் தளர்ந்த லக்கும் நல்ல பிள்ளையாகவே இருக்கும். குறைந்தது 40 சதவீத லோடு ஓட வேண்டும். கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸின் ஆம்பியரையும் எடுத்து, படத்தோடு குறித்து வையுங்கள்.

அடுத்து, சூட்டைப் பிரித்துப் படிப்பது. முனையில் அதிகமாகி, கேபிள் வழியே போகப்போகக் குறைந்தால் இணைப்பு தளர்வு. கேபிள் முழுக்க ஒரே சூடு என்றால் லோடு அதிகம். ஸ்பேனரைத் தூக்கிப் பயனில்லை. ஒரு ஃபேஸ் மட்டும் குளிர்ந்திருந்தால் நிம்மதி அடையாதீர்கள், அதில் ஃபியூஸ் போயிருக்கலாம். படத்தின் நிற எல்லையைக் கேமராவே அமைத்துக்கொள்ளும் ஆட்டோ ஸ்கேல் இரண்டு டிகிரி வித்தியாசத்தைக்கூட நெருப்பாகக் காட்டும். நிறத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவது அபத்தம். ஒரே லோடில் உள்ள இணையான பாகத்தைவிட 15 டிகிரிக்கு மேல் கூடினால் உடனே கவனிக்கவும். எமிசிவிட்டியைப் பிறகு கணினியில் திருத்தலாம். ஃபோகஸ் தவறிய படத்தைத் திருத்த முடியாது.

சோலார் பேனலைச் சோதிக்கச் சதுர மீட்டருக்கு 600 வாட்டாவது வெயில் வேண்டும். இன்வெர்ட்டரும் ஓட வேண்டும். சாய்வாகப் பார்த்தால் கண்ணாடியில் வானம்தான் தெரியும், முடிந்தவரை நேராகப் பாருங்கள். ஒற்றைச் செல் சுட்டால் முதலில் பறவை எச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்ட்ரிங் (தொடராக இணைத்த பேனல் வரிசை) முழுக்கச் சில டிகிரி கூடுதலாக இருந்தால் இணைப்பு அறுந்திருக்கலாம்: வெளியே போகாத மின்சாரம் அங்கேயே சூடாகிறது.

வயலில் இலையின் சூட்டை வைத்துப் பயிரின் தாகத்தைக் கணிக்கும்போது, இலைகளுக்கிடையே தெரியும் காய்ந்த மண் சராசரியை ஏற்றிவிடும். உயரத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரே பிக்சலில் இரண்டும் கலந்துவிடும். மேகம் கடக்கும்போது எடுத்த படங்களை ஒப்பிடாதீர்கள். நன்றாக நீர் பாய்ந்த ஒரு வரிசையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். இலை சுட்டால் உடனே மடையைத் திறக்கவும் வேண்டாம். வேரழுகல் வந்த செடியும் நீராவி விடாமல் சூடாகும். அதற்கு மேலும் தண்ணீர் விட்டால் அழுகல் கூடும். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.