தராங்கன் கேட்கும் முன் இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பிலிப்பைன்ஸின் மிண்டனாவ் தீவில், லனாவ் ஏரியைச் சுற்றி வாழும் மெரனாவ் மக்களின் தராங்கன் காவியத்தைக் கேட்கிறவர்கள் பலரும், அவர்கள் முஸ்லிம்கள், எனவே இது ஏதோ மத ஓதல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிடையவே கிடையாது. இஸ்லாம் அங்கே வருவதற்கு முன்பே பாடப்பட்டு வந்த காவியம் இது. சில பகுதிகளை அரபு எழுத்தைத் தழுவிய பழைய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பெரும்பாலும் கல்யாணங்களில், இரவு இரவாகப் பாடுவார்கள்; பாடகர்களில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு.

மெரனாவ் பேசுகிற யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டால் அர்த்தம் புரிந்துவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. பாட்டில் வருவது வழக்கொழிந்த பழைய மொழி, அதுவும் உவமையும் குறிப்புமாகவே நகர்கிறது. பாடகர்கள், பெரியவர்கள், ஆய்வாளர்கள் தவிர மற்றவர்களுக்கு அது பிடிபடாது. பாடப்படுவது குறைந்து வருவதற்கு இதையும் ஒரு காரணமாக யுனெஸ்கோ சொல்கிறது.

ஆனால் எனக்கு ரொம்ப வருத்தம் தருவது, இதை வெறும் வீரக்கதையாகச் சுருக்கிவிடுவதுதான். நாயகன் பந்துகன் பெரிய வீரன். அவன்மேல் பொறாமைப்பட்ட அண்ணன், அரசன் மடாலி, அவனோடு யாரும் பேசக் கூடாது என்று உத்தரவு போடுகிறான். அவ்வளவுதான், பந்துகன் நாட்டை விட்டே போய்விடுகிறான், அலைந்து திரிந்து வேற்று நாட்டில் இறந்தும் போகிறான். பேசாமல் விட்டதற்கா இவ்வளவு என்று நமக்குத் தோன்றலாம். மெரனாவ் மக்கள் உயிராக மதிக்கும் மானத்தை, அவர்கள் சொல்லில் மரதபத்தை, அந்த உத்தரவு தொட்டுவிட்டது. அப்புறம் அதே அண்ணன் விண்ணுலகம் வரை போய்த் தம்பியின் உயிரை மீட்டு வருகிறான். யாருக்கு என்ன மரியாதை, உறவு முறிந்தால் சரிசெய்வது யார் பொறுப்பு என்பதெல்லாம் இந்தக் கதைகளுக்குள்தான் இருக்கிறது. வழக்காற்றுச் சட்டம் பேசும்போது பெரியவர்கள் காவியத்தை ஆதாரமாக எடுப்பது இதனால்தான்.

இன்னொன்று, கேட்பதை எல்லாம் தராங்கன் என்று சொல்லாதீர்கள். பாயோக் என்பது வேறு, அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவது. மேடையில் மூங்கில்களுக்கு நடுவே ஆடும் சிங்கில் நடனமும் காவியத்திலிருந்து பிறந்ததுதான், ஆனாலும் அதைப் பார்த்தால் காவியத்தைக் கேட்டதாகாது.

மொத்தம் 17 பகுதிகள், 72,000 வரிகள். பத்து நிமிட வீடியோவை வைத்து ‘ஒரே ராகமாக இழுக்கிறார்கள்’ என்று எழுதிவிடாமல், பாடுவது எந்தப் பகுதி, யார் வீட்டு விசேஷம் என்று முதலில் விசாரியுங்கள்.