ஏலத்தோட்ட சென்சாருக்கு பேட்டரி இணைப்பது எப்படி?

வண்டன்மேடு, கம்பம்மெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் மண் ஈரம் பார்க்கும் சென்சார் வைக்கலாம் என்றால், உடனே சோலார் பேனல் நினைப்புதான் வரும். ஏலமோ நிழலில் வளரும் பயிர். மரத்தடியில் பேனலுக்கு வெயில் கிடைக்காது, ஜூன் பிறந்தால் சாரல் வேறு. ஒற்றை 18650 லித்தியம் செல் (விரல் பருமனில் இருக்கும் சார்ஜ் செல்) போதும், வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் சரியாக அமைந்தால்.

தேவையானவை: 3.3 வோல்ட் ஆர்டுயினோ புரோ மினி போர்டு (புரோகிராம் ஓடும் சின்ன கன்ட்ரோலர்), ஆர்எஃப்எம்95 லோரா மாட்யூல் (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் தகவல் அனுப்பும் ரேடியோ), எம்சிபி1700 ரெகுலேட்டர் (3.3 வோல்ட்), பாதுகாப்பு சர்க்யூட் உள்ள 18650 செல். லோராவுக்கு 865–867 மெகாஹெர்ட்ஸில் லைசென்ஸ் தேவையில்லை. கடையில் 868 மாட்யூல் என்று கேளுங்கள், அது இந்த அலைவரிசையிலும் இயங்கும்.

படி 1: ரெகுலேட்டர். கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது ஏஎம்எஸ்1117ஆக இருக்கும். வேண்டாம். சர்க்யூட் தூங்கும்போதும் அது மட்டும் சுமார் 5 மில்லி ஆம்பியர் குடிக்கும். 3000 மில்லி ஆம்பியர்-மணி செல் அதற்கே 25 நாளில் காலி. அது போதாதென்று, 3.3 கொடுக்க அதற்கு உள்ளே ஒரு வோல்ட் அளவுக்குக் கூடுதலாக வர வேண்டும். நம் செல் முழு சார்ஜிலேயே 4.2தான். எம்சிபி1700 எடுத்துக்கொள்வது 1.6 மைக்ரோ ஆம்பியர். 250 மில்லி ஆம்பியர் வரை தரும், லோராவுக்கு அது தாராளம். வைஃபை சிப்புக்குப் போதாது.

எம்சிபி1700இன் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் இடமிருந்து கிரவுண்ட், உள்ளீடு, வெளியீடு. கால் வரிசை வேறான 7805 ரெகுலேட்டர் பழகிய கை இங்கே தடுமாறும்.

படி 2: உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் 1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர். லோரா மாட்யூல் அருகே கூடுதலாக ஒரு 100 மைக்ரோ ஃபாரட்.

படி 3: போர்டின் பவர் எல்இடியைச் சால்டர் வைத்துக் கழற்றிவிடுங்கள். சப்ளையை 'ரா' (RAW) பின்னில் கொடுத்தால் போர்டிலேயே உள்ள ரெகுலேட்டர் வழியாகப் போகும்; அதனால் 'விசிசி'யில் (VCC) கொடுங்கள்.

படி 4: ஈர சென்சாரை நேராக 3.3இல் சொருகினால் அது இரவு பகலாகக் கரண்ட் இழுக்கும். ஒரு டிஜிட்டல் பின்னிலிருந்து மின்சாரம் கொடுத்து, அளந்ததும் அணைத்துவிடலாம்.

படி 5: புரோகிராமில், தூங்கும் போர்டை எழுப்பிவிடும் வாட்ச்டாக் டைமர் அதிகபட்சம் 8 விநாடிதான் தூங்க விடும். அரை மணிக்கு ஒருமுறை அனுப்ப, 225 முறை தூங்கி எழுந்தால் சரி. மண் ஈரம் அதைவிட வேகமாக மாறாது. வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசியையும் தூங்குமுன் நிறுத்துங்கள்.

படி 6: தூக்கத்தில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சில் தொடராக வைத்தால், லோரா அனுப்பும் நொடியில் மீட்டரே வோல்டேஜை விழுங்கிவிடும், போர்டு ரீசெட் ஆகும். மீட்டர் முனைகளை ஒரு வயரால் இணைத்து வையுங்கள். போர்டு தூங்கியதும் வயரை எடுத்துவிட்டு அளவைப் படித்து, எழுவதற்குள் திரும்ப இணையுங்கள். 20 மைக்ரோ ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. மில்லி ஆம்பியரில் காட்டினால் படி 3, 4இல் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

படி 7: செல்லுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து, நடுமுனையை அனலாக் பின்னில் இணையுங்கள்; நடுமுனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒரு சின்ன கெபாசிட்டர். அங்கே வரும் பாதி வோல்டேஜை இரட்டித்து, செல் வோல்டேஜையும் சேர்த்து அனுப்புங்கள். 3.4 வோல்ட்டுக்கு இறங்கினால் செல்லை மாற்றுங்கள்.

கடைசியாகப் பெட்டி. வயர் போகும் துளை அடிப்பக்கம் இருக்கட்டும். மேலே போட்டால் சாரல் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும்.